இரண்டாவது விளக்கு

வண்டிக்குள் அடுப்பு மேடைக்கு மேலே, கழிவுத் தொட்டியின் அளவைக் காட்டும் நாலு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அந்தத் தொட்டியை அன்று காலையில்தான் காலி செய்துவிட்டு வந்திருந்தாள் இடெல்லா. விளக்குகளோ தொட்டி நிறைந்துவிட்டது என்று சாதித்தன.

அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்துக்கு, வீடாகவே வாழ்கிற மோட்டார் ஹோம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் யாரும் அந்த விளக்குகளை நம்புவதில்லை. தொட்டிக்குள் இருக்கிற சென்சாரில் கழிப்பறைக் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் நிறைந்ததாகத்தான் காட்டும். குதிரை வியாபாரியை நம்பினாலும் தொட்டி விளக்கை நம்பாதே என்று, சாயங்காலம் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிப்பார்கள். இடெல்லாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவள் வண்டியில் தனியாக இல்லை. பின்னறையில் கோரீன் ஒளிந்திருந்தாள். புருஷன் முறித்த மணிக்கட்டோடு பெட்ரோல் பங்கில் அழுதுகொண்டு நின்றவளை, யார் எவர் என்று கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள் இடெல்லா. போலீசுக்குப் போகலாமென்றால் அங்கே பாதிப்பேர் அவன் கூட்டாளிகள். சனிக்கிழமை மொன்டானாவிலிருந்து அண்ணன்காரன் வந்து கூட்டிப்போகிறவரை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி முகாமைச் சுற்றிச் சுற்றி வந்தது. திரையிடுக்கில் அதைப் பார்த்ததிலிருந்து கோரீனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் தொட்டியின் அளவு தெரியாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அடிக்கடி முகாமின் கழிவுக் குழியில் கொட்டப் போனால், ஒற்றைப் பொம்பளைக்கு இவ்வளவா என்று எவனாவது கேட்பான். போகாமல் இருந்தால் பொங்கி வழிந்து ஊரையே கூட்டிவிடும்.

அந்த நேரம் பார்த்து ஹாலிஸ் கதவைத் தட்டினார். அறுபதைத் தாண்டிய மனிதர், போன வாரம்தான் ஒரு பழைய ட்ரெய்லர் வீட்டோடு வந்து இறங்கியிருந்தார். முகாமில் தனியாக இருக்கிற பெண்களின் வண்டிகளாகத் தேடிப் போய், பைசா வாங்காமல் சென்சாரைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மனிதர் என்றால் இவரல்லவா மனிதர் என்று முகாமே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

இடெல்லா பின்னறையைப் பூட்டினாள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் கோரீன் தும்மினாலும் வெளியே கேட்காது என்று தெரிந்த பிறகே அவரை உள்ளே விட்டாள்.

மனிதர் வேலையில் சூரர். தொட்டி நிறையச் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் கொட்டிவிட்டு, உள்சுவரைக் குழாயால் பீய்ச்சிக் கழுவினார். அப்புறம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தொட்டியின் வெளிப்பக்கத்தில் புது சென்சார் பட்டைகளை ஒட்டினார். கழிவு படாத சென்சாரில் எதுவும் ஒட்டாதாம். கடைசியில் எல்லா விளக்கும் அணைந்தபோது இடெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தண்ணிக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே தங்கச்சி. தாராளமா ஊத்து, காகிதம் தானே கரைஞ்சு ஓடிரும்" என்றார் ஹாலிஸ், கையைத் துடைத்துக்கொண்டே. "நீ ஒருத்திதானே இருக்கே?"

"ஒருத்திதான் அண்ணே."

"அப்ப வாரத்துக்கு ஒரு விளக்குதான் ஏறணும். வெள்ளிக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துடறேன்."

ஆப்பிள் பை செய்து தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளை பிக்கப்பைப் பற்றி மெதுவாகச் சொல்லி வைத்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நேரே போய், அந்த வண்டியின் ஜன்னலில் குனிந்து ஏதோ பேசினார். அதோடு அந்த வண்டி கண்ணில் படவே இல்லை.

யார் வந்தது என்று கோரீன் கேட்டபோது, கடவுள் அனுப்பின ஆள் என்றாள் இடெல்லா. அன்றைக்குத்தான் அந்தப் பெண் ஒரு கிண்ணம் சூப்பை முழுதாகக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடையைத் துடைக்கும்போதுதான் இடெல்லா கவனித்தாள். இரண்டாவது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கொட்டிவிட்டு வந்துவிடலாமா என்று சாவியை எடுப்பதற்குள் ஹாலிஸ் படியேறிவிட்டார்.

ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறவர்தானே என்று அவள் ஜெனரேட்டரைப் போடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தார். விளக்குகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு ஏறியிருக்கே தங்கச்சி."

முகாமில் எல்லோரும் சிரிக்கிற மாதிரியே சிரிக்கப் பார்த்தாள் இடெல்லா. "சென்சார் புத்திதான் தெரியுமே அண்ணே. மறுபடியும் பொய் சொல்லுது."

பூட்டிய பின்னறைக்குள் ஒரு டம்ளர் விழுந்து உடைந்தது. ஹாலிஸின் குரலை இப்போதுதான் கோரீன் கேட்கிறாள் என்பது இடெல்லாவுக்கு உறைத்தது.

ஹாலிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே சரளைக்கல் நொறுங்க, அந்த வெள்ளை பிக்கப் வாசற்படியை அடைத்துக்கொண்டு வந்து நின்றது.

"நான் ஒட்டின சென்சார் பொய் சொல்லாது தங்கச்சி. என் மருமகளை வெளியே வரச் சொல்லு."