கடைசி ஞாயிறு

"கண்ணெல்லாம் வீங்கியிருக்கே, என்னக்கா ஆச்சு?" ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

"அந்த வெளிநாட்டு விண்வெளி சீரியல் நேத்தோட முடிஞ்சிடுச்சு," என்றாள் சீனியர் கிளார்க்.

புதியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கா அழுதீங்க? வேற சீரியல் பாருங்க."

"மனசு ஒட்டல."

"அப்ப இதையே முதல்லேர்ந்து போட்டுப் பாருங்க."

"பார்க்கலாம். ஆனா அதுல வர்ற கேப்டன் புதுசா ஒரு வார்த்தை பேசமாட்டாரே."

"கேப்டன் மேல அவ்வளவு பைத்தியமா? வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?"

கிளார்க் சாப்பிடாமலே டிபன் பாக்ஸை மூடினாள்.

"கேப்டனுக்குத் தமிழ்ல குரல் கொடுத்ததே அவர்தாம்மா. கடைசி எபிசோட் வரைக்கும் டப்பிங் முடிச்சுக் கொடுத்த மறுவாரம் மாரடைப்புல போயிட்டார். அப்புறந்தான் டிவியில போட ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷமா, ஞாயித்துக்கிழமை ஆனா புதுசா ஏதாவது பேசிட்டிருந்தார். நேத்தோட அந்தப் பேச்சும் நின்னுபோச்சு."