இருபது நிமிஷம்

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு சார். மணி அடிச்சதும் எழுந்து வந்துடறேன்."

இன்ஜினீயருக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னே? பதினாலு மாடி எழும்பிக்கொண்டிருக்கிற இடம். அத்தனை உயரத்துக்கும் கம்பியைத் தூக்கித் தருகிற டவர் கிரேனை ஓட்டுகிற அம்மாள், ஓய்வுக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செல்போனில் கார் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கிறார்!

வயது ஐம்பது. ஒரு காதில் இயர்போன். பக்கத்தில், முட்டை வேகவைக்கும்போது வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு குட்டி டைமர் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க இருநூறு அடி உயரத்துக் கேபினில் உட்கார்ந்திருப்பதால், சைட்டில் எல்லோருக்கும் அவர் பருந்தக்கா.

"என்னம்மா, சின்னப் பிள்ளையா நீங்க?"

"ஆகணும்னுதான் சார் பார்க்கிறேன். எங்க முடியுது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் டிபன் டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

பேசிக்கொண்டே பருந்தக்கா திரையின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டினார். மைக் அணைந்தது.

"ஓ! அந்தப் பக்கம் ஆள் வேற உண்டா? கூட்டு சேர்ந்தா கூத்து?"

"ஒரு ஃபிரண்டு சார்."

"உங்க கையில நாலு டன் கம்பி தொங்குது. கீழே நாப்பது பேரோட உசுரு. கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

"பொறுப்புக்காகத்தான் சார் இது. காலையிலேர்ந்து ஒரே கொக்கியைப் பார்த்துக்கிட்டு இருந்தா கண்ணு மரத்துப் போயிடும். இருபது நிமிஷம் இதை ஓட்டினா கண்ணும் கையும் மறுபடி ஒண்ணா சேர்ந்துக்கும். அதுவே முப்பது ஆச்சுன்னா, மேலே ஏறினப்புறமும் மனசு இந்தக் கார்லயே சுத்தும். அதுக்குத்தான் மணி."

"நிசந்தான் சார்," என்றார் கீழேயிருந்து சிக்னல் காட்டுகிறவர், வாயில் சாப்பாட்டோடு. "மதியத்துக்கு மேல அக்கா இறக்குற கம்பிக்கட்டு, பூனை குட்டியைக் கீழே வைக்கிற மாதிரி வந்து உட்காரும்."

"நீங்க சாப்பாட்டைப் பாருங்க!" இன்ஜினீயர் திரும்பினார். "என் பொண்ணு கதை தெரியுமாம்மா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? அந்தக் கதை தெரியாத ஆள் சைட்டில் கிடையாது. செங்கல்லுக்குக்கூடத் தெரியும். கல்லூரியில் கணக்குப் பேப்பரில் ஃபெயிலாகிவிட்டு, பகல் ராத்திரி பார்க்காமல் போனும் கையுமாகக் கிடந்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே ஆபீசுக்கே இழுத்துக்கொண்டு வந்து, போனைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, நாலு பேர் முன்னால் போட்டார் ஒரு சத்தம்.

"நீங்ககூட அன்னிக்கு லாக் புக்ல கையெழுத்துப் போட வந்தீங்களே. அவ அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

"ஆமா சார். பார்த்தேன்."

"அன்னியோட விட்டா! மூணு மாசம் ஆச்சு. போனைத் திருப்பிக் கொடுத்தும் விளையாட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. இப்பக்கூட வீட்ல படிச்சுக்கிட்டிருப்பா. மாதிரித் தேர்வுல எண்பத்தொண்ணு! ஒரே ஒரு அதட்டல், அவ்வளவுதான். இருபத்தொரு வயசுப் பொண்ணுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே!"

"நல்ல அதட்டல் சார்," என்றார் பருந்தக்கா. அதில் கிண்டல் இருக்கிறதா என்று இன்ஜினீயர் தேடிப் பார்த்தார். இல்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "நாளையிலேர்ந்து நீங்க கிரேன் ஏற வேண்டாம். ஸ்டோர்ல ஆணி எண்ணுங்க. எதாவது சொல்லணுமா?"

சிக்னல் காட்டுகிறவர் டிபன் டப்பாவைக் கீழே வைத்தார்.

இருபத்திரண்டு வருஷம். ஒரு கீறல் கிடையாது. பருந்தக்கா வாசல் வழியாக ஒரு முறை அண்ணாந்து கேபினைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

டிர்ர்ர்ர்!

டைமர் அலறியது. திரையில் பருந்தக்காவின் கார்தான் முதலில். கடைசி வளைவு தாண்டினால் வெற்றிக்கோடு. பருந்தக்கா கட்டைவிரலை எடுத்துவிட்டார். கார் அப்படியே நடுரோட்டில் நின்றது.

"அட, ஜெயிக்கப் போறீங்களேம்மா!" இன்ஜினீயருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"மணி அடிச்சாச்சே சார். பேனா கொடுங்க."

கையெழுத்துப் போட்டார். போனைப் பக்கத்திலிருந்த சிமெண்ட் மூட்டை மேல் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினார்.

"அந்தப் போனையும் கொடுங்க. இதுதானே எல்லாத்துக்கும் காரணம்?"

"சார், அதை மட்டும் தொடாதீங்க!"

எதற்கும் பதறாத பருந்தக்கா பாய்ந்து வந்தார். ஆனால் இன்ஜினீயரின் கை முந்திக்கொண்டது. வெடுக்கென்று இழுத்ததில் இயர்போன் வயர் கழன்று விழ, ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. முதல் அழுகையிலிருந்தே இன்ஜினீயருக்குத் தெரிந்த குரல்.

"அக்கா, நானும் வண்டியை நிறுத்திட்டேன். கணக்கு எடுக்கப் போறேன். இந்த இருபது நிமிஷம் உங்களோட ஓட்டிட்டு உட்கார்ந்தா நல்லாவே வருதுக்கா. ஆனா அப்பாகிட்ட மட்டும் தப்பித்தவறிகூடச் சொல்லிடாதீங்க. அவர் அதட்டினதுலதான் நான் திருந்தினேன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சந்தோஷப்படறாரு, பாவம்!"