அந்தியில் அடிக்கும் தந்தி

"எந்த நாட்டுக்குடா தந்தி அடிக்கிற?"

எஸ்.ஐ. சிவபிரகாஷ் கேட்டதும் அயாஸ் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். மொட்டை மாடியில் அவன் கட்டியிருந்த ஏரியல் கம்பி அறுந்து தொங்கியது. படியில் கைக்குழந்தையோடு நின்ற அவன் மனைவி பர்வீன் பானு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தந்தி இல்ல சார், ஹாம் ரேடியோ. பொழுதுபோக்குக்கு மத்த ஊருக்காரங்ககூட பேசுறது. கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு, பாருங்க."

"லைசென்ஸ் இருந்தா என்ன ரகசியக் கோடு வேணும்னாலும் அனுப்புவியா? ஊர்க்காரரே புகார் குடுத்திருக்காரு."

புகார் கொடுத்தவர் கூடவே வந்திருந்தார். கடலைக் கொல்லைக்காரர் ஐயனார். சாயங்காலம் கொல்லைக்குப் போய்வந்த சேறு இன்னும் காலில் காயவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அயாஸ் 'மாமா' என்று கூப்பிடுகிற மனிதர். அவரா இப்படி!

"நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல சார்" என்றார் ஐயனார். "அந்திக்குச் செய்தி கேக்க ரேடியோவப் போட்டா டக்கு டக்குன்னு தந்திதான் கேக்குது. அம்மாக்கண்ணு செத்தப்ப போலீசு வந்து விசாரிச்சுச்சுல்ல, அந்த வாரம் பூரா சத்தமே இல்ல. பயந்துபோயி நிப்பாட்டிட்டான். நீங்க அங்குட்டுப் போனதும் மறுபடி ஆரம்பிச்சுட்டான்."

ஆடு மேய்க்கும் அம்மாக்கண்ணு போன மாதம் வரப்போரம் செத்துக் கிடந்தாள். நெஞ்சடைப்பு என்றார்கள். வயசும் அப்படித்தான். அயாஸின் பிள்ளைக்குக் கேட்காமலே ஆட்டுப்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள் அவள்.

"சார், அந்தச் சத்தம் எனக்கும் கேக்குது. மோர்ஸுத் தந்தின்னு நெனச்சு நானும் பென்சிலும் கையுமா ஒக்காந்து பாத்துட்டேன். மோர்ஸுன்னா குட்டையும் வேணும், நெட்டையும் வேணும். இதுல வெறும் குட்டைதான் வருது. ஒரு எழுத்தும் தேறல."

"நல்லாக் கதை விடுற."

"என்கூட வாங்க சார். எங்கேருந்து வருதுன்னு காட்டுறேன். முடியலைன்னா நானே ஜீப்புல ஏறிடுறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டானே ஒழிய உள்ளுக்குள் உதறல்தான். ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள் என்று தெரிந்தால் போதும். அவனுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கு அப்புறம் எவன் வருவான்?

வளையக் கம்பி மாட்டிய சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். வளையத்தை மெல்லத் திருப்பினான். டக், டக், டக் என்று அடித்த சத்தம் ஓரிடத்தில் தேய்ந்து அடங்கியது.

"எந்தப் பக்கம் திருப்புனா சத்தம் சாகுதோ, அந்தப் பக்கந்தான் சார் ஆளு."

"அப்ப நடங்க, அந்தக் களவாணிப்பயலப் புடிச்சிரலாம்" என்று ஐயனார்தான் முதல் ஆளாகக் கிளம்பினார்.

கம்மாய்க்கரையைத் தாண்டியதும் சத்தம் கூடியது. கருவேலங்காட்டைத் தாண்டியதும் இன்னும் கூடியது. வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்த ஐயனார் எந்த இடத்தில் வாயை மூடினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வரப்பில் வந்து அயாஸ் நின்றான். இனி வளையத்தைத் திருப்பவே வேண்டியதில்லை. ரேடியோ காதைப் பிளந்தது. அம்மாக்கண்ணு ஆடு கட்டுகிற முளைக்குச்சி அங்கேயே கிடந்தது. அவள் விழுந்து கிடந்ததும் இதே வரப்புதான்.

எஸ்.ஐ. டார்ச்சை அடித்து நாலு பக்கமும் பார்த்தார். "இங்க ஒரு ஈ காக்கா இல்லையேடா. கடலச் செடியும் கம்பி வேலியுந்தான் இருக்கு."

அயாஸ் வேலியைப் பார்த்தான். சத்தமே இல்லாத அந்த ஒரு வாரத்தை நினைத்தான். ரேடியோவைக் கம்பிப் பக்கம் நீட்டினான்; டக், டக் என்று இன்னும் உரக்க அடித்தது.

"என்ன வேலி மாமா இது?"

"காட்டுப்பன்னி வராம இருக்கக் கட்டுனது." ஐயனார் வேலியை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வெறுங்கம்பிதான் தம்பி, கரண்டெல்லாம் இல்ல."

"அப்ப அதை ஒரு தடவ பிடிச்சுக் காட்டுங்க, மாமா."