முதுகில் ஒரு வள்ளம்

ஐஸ் கம்பெனி முதலாளி தொழிலை விற்றதும் அவருடைய கால்பந்து அணியும் கலைந்தது. பேருந்து, விடுதி, சம்பளம் எல்லாம் ஒரே வாரத்தில் போயின. போன வருஷம் பக்கத்துக் கரை அணிக்கு எதிராக நான்கு கோல் அடித்த ததேயு, இப்போது அவர்களிடமே ஆட வந்து நின்றான். அந்த அணிக்கு முதலாளி கிடையாது. ஒவ்வொரு வள்ளமும் ஓர் ஆட்டக்காரனை ஏற்று, பிடித்த மீனில் அவனுக்கும் ஒரு பங்கு வைக்கும்.

செயலாளர் லாசர் நீட்டிய சட்டையின் முதுகில் 'சகாயமாதா' என்று இருந்தது.

"இது எனக்க பேரு இல்லியே அண்ணா."

"ஒனக்குப் பங்கு வைக்குத வள்ளத்துக்க பேரு மக்கா. காலையில கடலுக்குப் போச்சு, இன்னும் கரை சேரல்ல."

"நான் ஒங்களுக்கு நாலு கோல் அடிச்சவன்."

"அதனாலதான் அவிய ஒன்னக் கேட்டு வாங்கினாவ."

அன்று மாலை ஆட்டத்தில் ததேயு கோல் அடித்தான். கூட்டம் நின்ற பக்கம் போகாமல் கடலோரக் கோட்டுக்கு ஓடினான். வேர்வையில் ஒட்டிய சட்டையை எழுத்து மடங்காதபடி இரு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.