ஓரப் பார்வை

"இந்தச் சிப்பாயைப் பத்து வயசுப் பொண்ணு வரைஞ்சதுன்னு சொன்னா, என்கிட்ட வர்ற பொக்கைவாய்க்காரங்ககூடச் சிரிப்பாங்க" என்றார் பல் டாக்டர்.

விளையாட்டுச் சாமான் கடையின் பின்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைமேல் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கான, ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி அது. ஒவ்வொரு பொம்மையும் கட்டைவிரல் உயரம்தான். சிறுவர் பிரிவின் முடிவைச் சொல்லக் கடைக்கார அம்மாள் எழுந்த நேரம் பார்த்து டாக்டர் ஆரம்பித்திருந்தார். அவர் மகனின் குதிரைவீரனுக்கு இரண்டாம் இடம் என்பது அதற்குள் கசிந்துவிட்டது.

முதலிடம் பிடித்த சிறுமி நாற்காலியில் காலாட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் அவள் தாத்தா, துறைமுகத்தில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்தவர். உட்கார்ந்திருக்கும்போதும் அவர் முதுகு நாற்காலியில் படாது.

"அப்போ யார் வரைஞ்சதுங்கறீங்க?" என்றார் அவர்.

"உங்களைத்தான் சொல்றேன் சார். பெரியவங்க பிரிவுல நீங்க வெச்சிருக்கற ராஜாவையும் இந்தச் சிப்பாயையும் சேர்த்து வெச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் இடது பக்கம் ஓரக்கண்ணால பாக்கறாங்க. பக்கத்து வீட்டு ஜன்னல்ல என்ன நடக்குதுன்னு பாக்கற மாதிரி. ரெண்டும் ஒரே கை."

கடைக்கார அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு பொம்மைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரே கை மாதிரிதான் தெரியுது" என்று இழுத்தார்.

தாத்தா எழுந்து நின்றார்.

"அம்மா, எங்க குடும்பத்துல ஒருத்தர் பேர்லயும் இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்ல. சத்தியமா சொல்றேன். அந்தச் சிப்பாய்மேல என் பிரஷ் பட்டதில்ல. என் நிழல்கூடப் பட்டதில்ல."

"சத்தியம் யார் வேணும்னாலும் பண்ணலாம் சார். பாப்பா இங்கயே ஒண்ணு வரைஞ்சு காட்டட்டும். முடியலேன்னா ரெண்டு பேர் பேரையும் அடிச்சுடுங்க."

தாத்தாவின் முகம் வெளுத்தது. "அதெல்லாம் வேண்டாம். பரிசை நீங்களே வெச்சுக்குங்க. குழந்தையைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கறது எங்களுக்கு மரியாதை இல்ல. எழுந்திரும்மா, போலாம்."

"பாத்தீங்களா?" என்று டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார்.

"இப்போ போனா நம்மளத் திருடங்கன்னு சொல்வாங்க தாத்தா" என்றாள் சிறுமி. கால் ஆடுவது நின்றிருந்தது. "ஆன்ட்டி, ஒரு புதுப் பொம்மை குடுங்க. கொஞ்சம் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வேணும்."

"எதுக்கு, அதைக் குளிப்பாட்டவா?" என்றார் டாக்டர்.

"ஆமா அங்கிள். அச்சுல இருந்து எடுக்கும்போது மேல எண்ணெய்ப் பசை இருக்கும். கழுவாம அடிச்சா பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். உங்க பையனோட குதிரைக்கு முட்டியில உரிஞ்சிருக்கே, அது அதனாலதான்."

கூடம் சிரித்தது. டாக்டரின் மகன் மெதுவாகக் கைநீட்டிக் குதிரையின் முட்டியை மறைத்தான்.

சிறுமி சாம்பல் நிறப் பொம்மையைக் கழுவித் துடைத்தாள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடிய மெல்லிய கோட்டை, தூள் பறக்காமல் இருக்க ஈர உப்புத்தாளால் தேய்த்தாள். அடிப்பூச்சு கொடுத்தாள். கடைக்கார அம்மாள் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து காற்றுக் காட்டினார். தாத்தா ஒரு தடவைகூடப் பேத்தியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பதற்றமா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"வெக்கையா இருக்கு" என்றார் தாத்தா.

கடைசியில் கண். முதலில் குழி முழுக்கக் கறுப்பு. அதன்மேல் இரண்டு வெள்ளைப் புள்ளி. பிறகு மூன்றே மயிர் மிஞ்சிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்குள் மீண்டும் ஒரு கறுப்புப் புள்ளி. பொம்மை விழித்துக்கொண்டது. இடது பக்கம் ஓரக்கண்ணால் டாக்டரைப் பார்த்தது.

டாக்டர் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் பல்லுல இவ்வளவு சின்ன வேலை பாத்ததில்ல பாப்பா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்குங்க சார். தாத்தாவோட கை அப்படியே பேத்திக்கு வந்திருக்கு. ரத்தம் சும்மா விடுமா?"

"பரம்பரைதான்" என்று சொல்லித் தாத்தா இருமினார்.

சிறுவர் பிரிவில் பேத்திக்குக் கோப்பை. கைதட்டல் அடங்குவதற்குள் பெரியவர்கள் பிரிவில் ராஜாவுக்காகத் தாத்தாவுக்கும் கோப்பை. அதை வாங்கியதும் அவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தார். தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டேடி கண்ணு. என்ன வேணும், கேளு. எதுவா இருந்தாலும் தாத்தா செய்யறேன்."

சிறுமி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"அடுத்த வருஷம் உங்க ராஜாவை நீங்களே வரைஞ்சுக்குங்க தாத்தா. ரெண்டு பேருக்கும் நானே வரைஞ்சா மாட்டிக்கறோம்."