இணைச்சீருக்கு இரண்டு ஸ்டூல்

சித்தப்பா சென்னியப்பன் எங்கள் வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கட்டிலில். நான் தவிட்டு மூட்டைமேல், வலது காலை நீட்டியபடி. கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கும் வெயில் எருக்கிலை கட்டிய என் முட்டிமேலேயே விழுகிறது. தம்பி சின்னுசாமிக்குக் கல்யாணம். கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் தரையோடு தாழ்ந்த மணையில் உட்கார்ந்தால்தான் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும். “உனக்குத்தான் முட்டி மடங்காதே சாமி, சீருக்கு எம்புள்ள சௌந்திரம் உக்காரட்டும். நீ பத்து நாள் முந்தியே வந்து முறுக்குச் சுட்டுக் குடுத்துரு” என்கிறார் சித்தப்பா, காப்பியை ஆற்றிக்கொண்டே. “அடுப்பு முன்னால குந்தறப்ப மட்டும் மடங்குமாங்க?” என்கிறேன். “பெரியவங்க சொன்னாக் கேளு” என்று என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். நான் இன்லண்டு தாளை மடியில் பலகைமேல் விரித்து, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி ஊரும் தேதியும் போட்டு எழுதுகிறேன்: தம்பி, நான் முகூர்த்தத்தன்று காலையில் வருவேன். மணைக்குப் பதில் இரண்டு ஸ்டூல் போட்டு வை, உனக்கொன்று, எனக்கொன்று. இணைச்சீருக்கு நான்தான் உட்காருவேன். முறுக்குச் சுடச் சௌந்திரத்தைக் கூப்பிட்டுக்கொள். பேனா அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்துவிடுகிறது. “என்னத்த எழுதற, இவ்வளவு நேரமா?” சித்தப்பா எட்டிப் பார்க்கிறார். “சின்னுசாமி பிரிச்சுப் படிக்கறப்பக் கேட்டுக்குங்க” என்று சொல்லி, மடிப்பில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.