பத்துக்கு ஒன்று

பத்துக்கு ஒரு மார்க். அதற்கு மேல் கால் மார்க்கூடப் போட வாத்தியாருக்குக் கை வரவில்லை.

விளையாட்டுப் பக்கத்தின் பொறுப்பாசிரியை அந்தக் கட்டுரையை இரண்டாவது தடவை படித்தாள். முதல் தடவையைவிட இப்போதுதான் அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியார் என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். ஓய்வு பெறும் வீரர்களின் கடைசிப் பேச்சுக்கு மார்க் போடுவது அவருடைய வேலை. எப்படி ஆரம்பித்தார், யாருக்கு நன்றி சொன்னார், கேட்டவர்கள் மனசில் என்ன நின்றது என்று அக்குவேறு ஆணிவேறாக அலசிவிட்டு, கடைசியில் பத்துக்கு இவ்வளவு என்று முடிப்பார். பேச்சைக் கேட்காதவர்கள்கூட அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, நேரில் கேட்ட மாதிரி பேசுவார்கள்.

இந்தத் தடவை மாட்டியவர் ஒரு குத்துச்சண்டை வீரர். பதினெட்டு வருஷம் அடி கொடுத்து, அடி வாங்கியவர். ரசிகர்களுக்கு அவர் 'இடி'.

அந்தப் பேச்சை அவளும் ஆபீஸ் டிவியில் பார்த்திருந்தாள். பயிற்சியாளருக்கு மூன்று தடவை நன்றி சொன்னார் இடி. கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டி, "இது என் பொண்ணு..." என்று ஆரம்பித்தவர், பெயரைச் சொல்லாமல் அப்படியே நின்றார். பிறகு சும்மா சிரித்தார். டிவி முன்னால் நின்ற பொறுப்பாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் எழுதியிருந்தது இது: 'தயாரிப்பே இல்லாத பேச்சு. பெற்ற மகளின் பெயரைச் சொல்லக்கூட வாய் வராத திமிர். நாம் என்ன உளறினாலும் கைதட்டுவார்கள் என்ற நினைப்பு.'

வெளியூர் போட்டிக்குக் கிளம்பிப் பையும் கையுமாக நின்ற வாத்தியாரை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"சார், அந்த மனுஷனைப் பார்த்தா எனக்குப் பாவமா இருந்துச்சு. நீங்க திமிர்னு எழுதியிருக்கீங்க."

"திமிர்தாம்மா."

"உடம்பு ஏதோ சரியில்லன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இருபது வருஷமா பேச்சு கேக்கறவன் நான். அப்படியே போடுங்க. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க."

வாசல்வரை போனவர் ஏதோ சொல்ல வந்ததுபோல் திரும்பினார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்நெஞ்சுக்காரர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அடுத்தவன் விழும்போது மார்க் போட்டே பெயர் வாங்கிய மனுஷனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திமிர் என்று எழுதியிருந்த வரிகளை நீக்கினாள். ஒன்றை எட்டாக்கினாள். கீழே தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்தாள்: 'மேடையில் அவர் தடுமாறியதைப் பார்த்தபோது, வாங்கிய அடிகள் அவரைப் பாதித்திருக்குமோ என்று மனம் பதறியது. குத்துச்சண்டைச் சங்கம் அவரை நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும்.'

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. வாத்தியாருக்கு இவ்வளவு ஈரமா என்று ஆச்சரியப்பட்டார்கள். முதலாளியே மேஜைவரை வந்து பாராட்டிவிட்டுப் போனார். வாத்தியார் வந்து குதித்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட அவள் யோசித்து வைத்துக்கொண்டாள்.

மதியம், இடியின் மனைவி வந்திருப்பதாக வரவேற்பறையிலிருந்து சொன்னார்கள்.

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்த முகமாகவே போனாள். அந்த அம்மாள் பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டாள்.

"அவர் வெளியூர் போயிருக்கார். அவர் திமிர்னு ரொம்பக் கடுமையா எழுதியிருந்தார். எனக்கு மனசு கேக்கல. நான்தான் மாத்தினேன்."

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

பேர்கள் மறக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. பெரிய டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். ஸ்டேடியத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சங்கம் தருவதாக இருந்தது. பையன்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்து, திருப்பி வாங்கி வைக்கிற வேலை. வீட்டு அலமாரியில் தட்டுத்தட்டாகச் சீட்டு ஒட்டி, எது எங்கே என்று தினமும் அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். அதில் தேறிவிட்டார். இன்றைக்கு வேலை ஆர்டர் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

"நேத்து அவர் தடுமாறினதைப் பார்த்து எல்லாரும் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கைகால் ஓடல. உங்க வாத்தியாரைத் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, ஊர்ப் பேச்சை வேற பக்கம் திருப்பி விடறேன்னார்."

பொறுப்பாசிரியை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"காலைல சங்கத்துலேர்ந்து போன். பேப்பர்லயே போட்டிருக்கு, முதல்ல டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவாங்க, வேலையை அப்புறம் பார்க்கலாம்னுட்டாங்க."

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தாங்க..."

"தெரியும்மா. உங்களைக் குறை சொல்ல வரல."

அந்த அம்மாள் எழுந்தாள். மடித்த பேப்பரை மேஜைமேல் வைத்தாள்.

"திமிர்னே விட்டிருக்கலாம்மா. திமிர் புடிச்சவனை யாரும் டாக்டர்கிட்ட அனுப்ப மாட்டாங்க."